மலை பின்னே, நீர் முன்னே

வெளி மாநிலத்தில் குடியேறும் தமிழர், வீடு பார்க்கச் செல்லும்பொழுது முதலில் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, வாசல் எத்திசையை நோக்கியிருக்கிறது என்பது. மாதுங்காவிலாயினும் செம்பூரிலாயினும் தாணேயிலாயினும் இவ்வழக்கம் நம்மை விட்டு நீங்கவில்லை. கிழக்கு வாசல் என்று கேட்டால் மனம் மகிழ்கிறது. தெற்கு வாசல் என்றால் சற்றே தயங்குகிறது. தென்திசை யமனுக்குரியது என்று நம் முன்னோர் கொண்டமையே இத்தயக்கத்திற்குக் காரணம். ஆனால் அதே வீட்டை வடசீனத்து முதியவர் ஒருவர் வந்து பார்ப்பாராயின், தெற்கு நோக்கிய வாசலைப் போல் சிறந்தது வேறில்லை என்று கூறுவார். ஒரே வாசலுக்கு இரு வேறு தீர்ப்புகள்! இவ்விரண்டும் எவ்வாறு எழுந்தன? இவ்வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், வாசலை விட்டு வெளியே வந்து நிலத்தைப் பார்த்தல் வேண்டும். சீனர் ஊருக்கு இடம் தேர்ந்த முறையையும், நம்மவர் பல்லாயிரவர் இன்று வாழும் தாணே நகரின் நில அமைப்பையும் ஒருங்கே வைத்துக் காண்போம்.

சீனர் இக்கலைக்கு இட்ட பெயர் ‘ஃபெங் சுயி’ என்பதாகும். ஃபெங் என்றால் காற்று. சுயி என்றால் நீர். நகர் அமைத்தல், இல்லம் எடுத்தல், இறந்தோரை அடக்கம் செய்தல் ஆகிய மூன்றிற்கும் இடம் தேரும் முறை இது. இதன் பழைய மூல நூல் அடக்க நிலத்தைப் பற்றியது, கி.பி. 276 முதல் 324 வரை வாழ்ந்த குவோ பு என்னும் அறிஞர் அதனை இயற்றியதாகச் சீனர் கூறுவர். நிலத்தினுள் உயிர்ப்பு ஒன்று இயங்குகிறது என்றும், கடுங்காற்று அதனைக் கலைத்துவிடும் என்றும், நீர் அதனைத் தேக்கி வைக்கும் என்றும் அவர்கள் எண்ணினர். ஆதலால் காற்றுக்கு மறைவும் நீருக்கு அண்மையும் வாய்ந்த இடமே நல்லிடம் எனப்பட்டது.

அத்தகைய இடத்திற்கு அவர்கள் வகுத்த இலக்கணம் எளிதில் நினைவிற் கொள்ளத் தக்கது. கைப்பிடியுள்ள நாற்காலி ஒன்றில் அமர்ந்திருப்பதாக எண்ணிக் கொள்ளுங்கள். முதுகுக்குப் பின்னே உயர்ந்த சாய்வு உண்டு. அது வடக்கே நிற்கும் பெருமலை. அதனைக் கரிய ஆமை என்பர். இடக்கைப்புறம், அதாவது கிழக்கில், நீண்டு செல்லும் குன்றுத்தொடர் நீல நாகம். மேனாட்டார் டிராகன் என்று சொல்வது இதனையே. வலக்கைப்புறம் மேற்கில் சற்றுத் தாழ்ந்த குன்று வெள்ளைப் புலி. எதிரே தெற்கில் உள்ள திறந்த வெளி செந்நிறப் பறவைக்குரியது. அவ்வெளியில் நீர் இருத்தல் வேண்டும். அந்நீருக்கு அப்பால், கால்மணை போன்று, தாழ்ந்த குன்று ஒன்று இருப்பின் அமைப்பு நிறைவுறும். நீர் வந்து போகும் முறைக்கும் இலக்கணம் உண்டு. அம்பு போல் நேராகப் பாய்ந்து வரும் நீர் தீயது. அரைக்கச்சை போல் வளைந்து தழுவிச் செல்லும் நீர் நல்லது. ஊரை விட்டு நீர் வெளியேறும் இடத்தை மரத்தோப்பும் பாலமும் அமைத்துக் காக்க வேண்டும் என்றும் விதித்தனர்.

இந்நால்வகை உருவங்களுள் இரண்டு மிகப் பழமையானவை. சீனத்தின் ஹெனான் மாகாணத்தில் புயாங் என்னும் ஊரருகே 1987ஆம் ஆண்டில் கற்காலத்துக் கல்லறை ஒன்றை அகழ்ந்தனர். அங்கே கிடந்த மனித எலும்பின் கிழக்குப் பக்கத்தில் நாகத்தின் உருவமும், மேற்குப் பக்கத்தில் புலியின் உருவமும் கிளிஞ்சல்களால் அமைக்கப்பட்டிருந்தன. அக்கல்லறை ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டது.

இவ்விதிகளின் உட்கருத்து யாது? வடசீனத்தின் தட்பவெப்பத்தை அறிந்தோர்க்கு இது விளங்காமற் போகாது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் எலும்பை நடுக்கும் காற்று வடக்கேயிருந்து வருகிறது. அது பாலைப் புழுதியையும் வாரிக்கொண்டு வரும். கதிரவனோ குளிர்காலம் முழுதும் தென்வானில் தாழ்ந்து செல்கிறான். ஆதலால் வடக்கே மலையை அரணாகக் கொண்டு, தெற்கே வாசல் வைத்தவன் குளிருக்குத் தப்பி வெயிலைப் பெற்றான். ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையை வெள்ளம் அரிக்கும். உட்கரையில் வண்டல் படியும். உட்கரையில் வீடு கட்டியவன் நிலைத்தான். வெளிக்கரையில் கட்டியவன் வீட்டை இழந்தான். மலையில் மரம் நின்றால் மண் சரியாது. ஹாங்காங்கின் சிற்றூர்களுக்குப் பின்னே உள்ள குன்றுச் சரிவுகளில் ‘ஃபெங் சுயிக் காடு’ என்ற பெயரால் வெட்டப்படாத தோப்புகள் இன்றும் உள்ளன. நாகம், புலி என்ற பெயர்களுக்குள்ளே உழவர் குடியின் நெடுங்கால அனுபவம் பொதிந்து கிடக்கிறது.

அரசரும் இம்முறையைக் கைக்கொண்டனர். மிங் மரபின் யுங்லோ பேரரசர் 1421ஆம் ஆண்டில் பீக்கிங்கைத் தலைநகராக்கினார். அந்நகரம் சமவெளியில் உள்ளது. அரண்மனையை ஒட்டி வடக்கே மலையில்லை. மலை இல்லையெனில் ஆக்கிக் கொள்வோம் என்று, அகழி வெட்டிய மண்ணைக் கொண்டு அரண்மனைக்குப் பின்னே ஏறத்தாழ 45 மீட்டர் உயரமுள்ள குன்று ஒன்றை எழுப்பினர். அதுவே ஜிங்ஷான். அரண்மனைக்கு முன்னே பொன்னீர் ஆறு என்னும் கால்வாயை வில் போல் வளைத்து ஓடவிட்டனர். நகருக்கு வடபால், மலைகள் பிறைபோல் சூழ்ந்த பள்ளத்தாக்கில் மிங் பேரரசர் பதின்மூவரின் கல்லறைகள் உள்ளன.

எந்நாட்டுக் கலையும் நாளடைவில் களை சேர்த்துக் கொள்ளும். குடும்பப் பெயரின் ஒலிக்கும் வீட்டு வாசலின் திசைக்கும் பொருத்தம் பார்க்கும் வழக்கத்தைக் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே வாங் சோங் என்னும் அறிஞர் எள்ளி நகையாடினார். பின்னாளில், மலையையும் நீரையும் நேரிற் கண்டு கூறுவோர் ஒரு சாராரும், திசைகாட்டியையும் கணக்கையும் கொண்டு கூறுவோர் மற்றொரு சாராருமாகப் பிரிந்தனர். 1876ஆம் ஆண்டில் ஷாங்காய்க்கும் ஊசுங்குக்கும் இடையே சீனத்தின் முதற் புகைவண்டிப் பாதை ஓடத் தொடங்கியது. அயல்நாட்டார் முறையான இசைவின்றி அமைத்த பாதை என்பதே பிணக்கின் தலையாய காரணம். எனினும் நிலத்தின் உயிர்ப்பு கெடும் என்ற அச்சமும் எதிர்ப்பாளரிடையே இருந்தது. அரசாங்கம் அதனை விலைக்கு வாங்கி 1877ஆம் ஆண்டில் பெயர்த்தெடுத்து விட்டது. இக்காலத்தில் கடைகளில் விற்கும் மூங்கிற் செடியும் காசு கவ்விய தவளையும் இக்கலையின் பெயரால் வருபவையே. அவற்றிற்கும் நாம் கண்ட மலை நீர் இலக்கணத்திற்கும் உள்ள தொலைவு மிகப் பெரிது.

இனி நம் நாட்டைக் காண்போம். காற்றைத் திசைக்கொரு பெயரிட்டு அழைத்தவர் தமிழர். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. கொண்டல் என்ற சொல்லுக்கு மேகம் என்றும் பொருள் உண்டு. ஐப்பசி கார்த்திகையில் நம் கீழைக்கரைக்கு மழை கொணர்வது அக்காற்றே. கோடை என்பதோ வெப்பத்தின் பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையில் நீரைச் சொரிந்துவிட்டு வறண்டு வரும் மேல்காற்று அது.

நிலத்தின் சரிவையும் நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். தமிழகம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்ந்தது. ஆகவே மேட்டில் ஏரி, அதன் கரைக்குக் கீழே மதகு, மதகுக்குக் கீழே வயல், மிகுநீர் சென்று சேரும் அடுத்த ஊர் ஏரி என்ற வரிசையில் ஊர்கள் அமைந்தன. உத்தரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரியைக் காக்க ஏரி வாரியம் என்று ஒரு குழுவையே குடவோலை முறையில் தேர்ந்ததைக் கூறுகின்றன. மயமதம் முதலிய மனை நூல்கள், கிழக்கும் வடக்கும் சரிந்த நிலம் நன்று என்கின்றன. குழி தோண்டி, எடுத்த மண்ணை மீண்டும் அதிலேயே இட்டு, மண் மிஞ்சினால் நிலம் நன்று, குறைந்தால் தீது என்று சோதிக்கும் முறையும் நம்மிடம் உண்டு. மண்ணின் இறுக்கத்தை அறிய அதனினும் எளிய வழி யாது?

இவ்விரு நாட்டு முறைகளையும் மனத்திற் கொண்டு, தாணேக்கு வருவோம். சென்னையிலிருந்து மும்பைக்கு வண்டியேறிய நம்மவர் பலர், கல்யாணைக் கடந்தபின் பார்சிக் மலையைக் குடைந்த குகைவழியில் புகுந்திருப்பர். 1916ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அது ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளமுள்ளது. இருள் நீங்கி வெளிப்பட்டதும் கல்வா வரும். பின்னர்த் தாணே கழியின் மீது பாலம் வரும். பாலத்தைக் கடந்தால் தாணே. நகருக்கு அப்பால் மேற்கு வானத்தை மறைத்துக் கொண்டு யேவூர் மலை நிற்கும். அம்மலைத்தொகுதியின் உச்சி 450 மீட்டருக்கு மேற்பட்டது. பின்னே மலை, முன்னே கழி, கழிக்கு அப்பால் கால்மணையாகப் பார்சிக் குன்று: சீனர் வகுத்த நாற்காலி இதுவே அன்றோ! ஆனால் ஒரு வேறுபாடு. சீனத்தில் மலை வடக்கே, இங்கே மேற்கே. சீனத்து ஊர் தெற்கு நோக்கும். தாணே கிழக்கு நோக்குகிறது.

இவ்வேறுபாட்டிலேதான் உண்மை விளங்குகிறது. கொங்கணத்தில் மழையும் பெருங்காற்றும் ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்கிலிருந்து வருகின்றன. நம் ஊரில் வறட்சியைக் கொணரும் மேல்காற்று, இங்கே கார்மேகத்தைக் கொணர்கிறது. ஆதலால் இங்கே அரணாக நிற்க வேண்டிய மலை மேற்கே அமைந்தது பொருத்தமே. மேகத்தைத் தடுத்து மழையை வாங்கும் அம்மலையின் கிழக்குச் சரிவில் இறங்கும் நீர், நகரின் ஏரிகளில் தேங்கி, எஞ்சியது கழியில் சேர்கிறது. தாணேயை ஏரிகளின் நகரம் என்பர். இன்றும் முப்பதுக்கு மேற்பட்ட ஏரிகள் அங்குள்ளன. நகரின் நடுவே மாசுந்தா ஏரியும், அதன் கரையில் கௌபினேசுவரர் என்னும் சிவபெருமான் கோயிலும் உள்ளன. மாலை வேளையில் அக்கரையில் நிற்கும் தமிழர்க்குத் தம் ஊர்த் திருக்குளம் நினைவிற்கு வாராமற் போகாது.

அதே மலையின் மேற்குப் பக்கத்தில் பௌத்தத் துறவிகள் குடைந்த கான்ஹேரிக் குகைகள் நூற்றுக்கு மேல் உள்ளன. பாறையில் வாய்க்கால் வெட்டி, மழைநீரைக் குகைகளின் அருகே தொட்டிகளில் சேர்த்து, ஆண்டு முழுதும் அருந்தினர். மும்பை நகருக்கு முதன்முதலில் குழாய்வழி நீர் தந்த விகார் ஏரி, 1860ஆம் ஆண்டில் இம்மலைகளுக்கிடையே கட்டி முடிக்கப்பெற்றது. விகார், பவாய் ஏரிகளின் மிகுநீரே மித்தி ஆறாகித் தாராவியின் ஓரமாக மாகிம் கழியிற் சென்று கலக்கிறது. எனவே தாணேயின் முதுகாக நிற்கும் மலையும், தாராவியின் வாசலில் ஓடும் நீரும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

இவ்வாறு மலையும் நீரும் வாய்த்த துறைமுகத்தைப் பழைய உலகம் நன்கு அறிந்திருந்தது. சிலாகார மன்னர்க்கு இது ஸ்ரீஸ்தானகம் என்னும் தலைநகர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்திலிருந்து கடல்வழியே திரும்பிய மார்க்கோ போலோவின் நூல், தாணேயிலிருந்து பதனிட்ட தோலும் பருத்தித் துணியும் ஏற்றுமதியானதைக் கூறுகிறது. 1321ஆம் ஆண்டில் இவ்வூரில் கிறித்தவத் துறவியர் நால்வர் கொல்லப்பட்டனர். அதன்பின் இங்கு வந்த ஒதோரிக் என்னும் இத்தாலியத் துறவி, அவர்களுடைய எலும்புகளைக் கப்பலேற்றிச் சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்திற்குக் கொண்டு சென்று அடக்கம் செய்தார். அத்துறைமுகமும் வடக்கே சிங்யுவான் மலையும் தெற்கே ஜின் ஆறும் உடையது.

அங்கே அவருக்கு முன்னரே சென்றிருந்தவர் தமிழர் என்பதை எண்ணும்போது உள்ளம் பூரிக்கிறது. 1281ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று சுவான்சௌவில் கிடைத்துள்ளது. அதன் முடிவில் சீன எழுத்தும் உண்டு. சம்பந்தப் பெருமாள் என்பவர், கானின் உடல்நலம் வேண்டிச் சிவபெருமானை அங்கு எழுந்தருளுவித்த செய்தியை அது கூறுகிறது. தாணேயிலிருந்து சீனத்திற்கும், தமிழகத்திலிருந்து சீனத்திற்கும் கலம் செலுத்தியவர் அனைவரும் ஒரே காற்றை நம்பினர். பருவக்காற்று திரும்பும் நாளை அறியாதவன் ஊர் திரும்ப இயலாது. காற்றும் நீரும் அவர்களுக்கு வாழ்வும் சாவும் ஆகும்.

நேயர்களே, நமக்கும் அது அவ்வாறே என்பதை 2005ஆம் ஆண்டு சூலை 26ஆம் நாள் உணர்த்தியது. அன்று சாந்தாகுரூசில் ஒரு நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மித்தி ஆற்றின் கரைகளையும் படுகையையும் குடியிருப்பும் தொழிற்கூடமும் சாலையும் நெருக்கியிருந்தமையால், நீர் போக வழியின்றி வீடுகளுக்குள் ஏறியது. அன்று எத்தனையோ கிழக்கு வாசல்கள் வழியே வெள்ளம் புகுந்தது. ஏழை மக்களை மட்டும் இதற்குக் குறை கூறுதல் தகாது. வேறு நிலம் கிடைக்காமையால் தாராவியின் சதுப்பில் மண்ணும் குப்பையும் இட்டுத் தம் கையாலேயே தரையை உயர்த்தி வாழ்ந்த தமிழர் பலர். தேர்ந்தெடுக்க உரிமை பெற்றவரும் திட்டம் வகுத்தவரும் நீரின் வழியை மறந்ததே பெருங்குற்றம்.

மறவாத காலமும் இருந்தது. 1896ஆம் ஆண்டில் பம்பாயைக் கொள்ளை நோய் தாக்கியது. அதன்பின் 1898ஆம் ஆண்டில் தோன்றிய நகர மேம்பாட்டுக் கழகம், நெருக்கமான பகுதிகளினூடே மேற்குக் கடற்காற்று நுழையும் வண்ணம் கிழக்கு மேற்காகத் தெருக்களை வெட்டியது. தாதர், மாதுங்கா பகுதிகளைத் திட்டமிட்டு அமைத்ததும் அக்கழகமே. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். குளிர்நாட்டுச் சீனர் காற்றுக்கு மறைவிடம் தேடினர். வெப்பமும் நெருக்கமும் மிக்க பம்பாயில் காற்றுக்கு வழிவிட்டனர். தாணேயிலும் மலை கடற்காற்றைத் தடுப்பதால் வேனிலில் வெப்பம் மிகுதி என்பதை அங்கு வாழ்வோர் அறிவர். சீனத்து விதியை அப்படியே இங்குக் கொணர்ந்தால் பயனில்லை. தமிழகத்து விதியை அப்படியே கொணர்ந்தாலும் பயனில்லை. இரு நாட்டு முன்னோரும் முதலில் நிலத்தைக் கண்டனர். பிறகே விதி செய்தனர். நாம் விதியை மூட்டை கட்டிக்கொண்டு வந்தோம். நிலத்தைக் காணுதலை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டோம்.

அதனை மீண்டும் கைக்கொள்ளுதல் அரிதன்று. தாணே கழியின் ஓரத்தில் அலையாத்திக் காடுகள் நிற்கின்றன. ஆண்டுதோறும் பூநாரைகள் ஆயிரக்கணக்கில் அங்கு வருகின்றன. 2015ஆம் ஆண்டில் அக்கழியின் ஒரு பகுதி பூநாரைச் சரணாலயமாயிற்று. 2022ஆம் ஆண்டில் உலகச் சிறப்பு வாய்ந்த ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. நீர் வெளியேறும் வாயை மரங்களால் காக்க வேண்டும் என்று சீனர் விதித்தாரே, அந்த நீர்வாய்க் காடு நம் கண்ணெதிரே உள்ளது. அதனைத் தூர்க்க முயல்வோரைத் தடுப்பதும், அருகிலுள்ள ஏரியில் குப்பை எறியாதிருப்பதும் நம்மால் இயல்பவை.

எனவே அடுத்த முறை வீடு பார்க்கச் செல்லும்பொழுது, வாசலின் திசையைக் கேட்குமுன் வேறு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். ஆடி மாதத்தில் காற்று எப்பக்கமிருந்து வருகிறது? பெருமழை நாளில் தெருநீர் எவ்வழியாக ஓடி எங்கே சேர்கிறது? இக்கட்டடம் எழுமுன் இந்நிலத்தில் இருந்தது மேடா, குளமா? இக்கேள்விகளுக்கு அவ்விடத்துப் பழங்குடிகளாகிய கோளி மீனவரும், கீழ்த்தளத்தில் நெடுநாள் குடியிருக்கும் முதியவரும் நன்கு விடை கூறுவர். விடை நன்றாயின், வாசல் தெற்கு நோக்கியிருப்பினும் தயங்க வேண்டா. பால் காய்ச்சிக் குடி புகலாம்.